டி.என். விசாவின் கதை

டி.என். என்ற இரண்டு எழுத்தைப் பார்த்தால் நமக்கு நினைவுக்கு வருவது வண்டியின் நம்பர் பிளேட்தான். ஆனால் டொராண்டோவிலோ வான்கூவரிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த எழுத்துகளுக்கு வேறு பொருள் உண்டு. கனடாக் குடியுரிமை பெற்ற ஒரு பையனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தால், ‘டி.என். எடுத்துக்கொண்டு போய்விட்டான்’ என்பார்கள். அதே படிப்புப் படித்து, அதே வேலைக்குச் சென்னையிலிருந்து போகும் பையன் எச்-1பி குலுக்கலில் தன் பெயர் விழுமா என்று காத்திருப்பான். படிப்பு ஒன்று, வேலை ஒன்று, சம்பளமும் ஏறக்குறைய ஒன்று. கையில் இருக்கும் பாஸ்போர்ட் மட்டும் வேறு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது, இதன் வேர் குடியேற்றச் சட்டத்தில் இல்லை, வியாபார ஒப்பந்தம் ஒன்றில் இருக்கிறது என்று தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நெடுங்காலமாகவே பெரிய வியாபாரம் உண்டு. 1965-ல் மோட்டார் வாகனங்களுக்கென்றே இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்பின் டெட்ராய்ட் நகரத்துத் தொழிற்சாலைகளும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கனடாவின் வின்ட்சர் நகரத்துத் தொழிற்சாலைகளும் ஒரே பட்டறையின் இரண்டு கொட்டகைகள் போல ஆகிவிட்டன. உதிரிபாகம் சுலபமாக எல்லை தாண்டியது. அந்த இயந்திரத்தைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் போகும் பொறியாளர்தான் எல்லையில் நிறுத்தப்பட்டார். சரக்கு போகலாம், அதை ஓட வைக்கத் தெரிந்த ஆள் போக முடியாது என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்?

1980-களின் நடுவில் கனடாப் பிரதமர் பிரையன் மல்ரோனியும் அமெரிக்க அதிபர் ரீகனும் முழுமையான சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பேச்சு தொடங்கினார்கள். கனடா தரப்பில் சைமன் ரைஸ்மன் என்பவர் தலைமை. பேச்சு பல முறை இழுபறியானது. கடைசியில் 1987 அக்டோபர் 3-ஆம் தேதி, கெடு முடியும் நள்ளிரவுக்குச் சற்று முன்புதான் உடன்பாடு ஏற்பட்டது. 1988 ஜனவரி 2-ஆம் தேதி இரு தலைவர்களும் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கனடாவில் நடந்த பொதுத்தேர்தலே இந்த ஒப்பந்தம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றித்தான். எதிர்க்கட்சித் தலைவர் ஜான் டர்னர் நாட்டையே விற்கிறார்கள் என்று பிரசாரம் செய்தார். மல்ரோனி வென்றார். 1989 ஜனவரி 1 முதல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

தேர்தல் மேடைகளில் எல்லாரும் வரி, கலாசாரம், தண்ணீர் என்று பேசினார்கள். ஒப்பந்தத்தின் 15-ஆவது அத்தியாயம் பலர் கண்ணில் படவில்லை. தற்காலிகமாக எல்லை தாண்டும் நான்கு வகை ஆட்களை அது பட்டியலிட்டது: வியாபார நிமித்தமாக வந்து போகிறவர்கள், வணிகர்களும் முதலீட்டாளர்களும், ஒரே கம்பெனிக்குள் இடமாற்றத்தில் வருகிறவர்கள், கடைசியாகத் தொழில் வல்லுநர்கள். நான்காவது வகைதான் நம் கதை. அப்போது அதற்கு டி.சி. என்று பெயர்.

1994 ஜனவரி 1-ஆம் தேதி மெக்சிகோவும் சேர்ந்து நாஃப்டா என்ற வட அமெரிக்க சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பழைய 15-ஆவது அத்தியாயம் புதிய ஒப்பந்தத்தில் 16-ஆவது அத்தியாயமாக இடம் பெற்றது. டி.சி. என்பது டி.என். ஆயிற்று. டிரேட் நாஃப்டா என்பதன் சுருக்கம்.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அந்தத் தொழில்களின் பட்டியல். அறுபதுக்கு மேற்பட்ட தொழில்கள் அதில் இருக்கின்றன. பொறியாளர், கணக்காளர், கட்டடக் கலைஞர், வக்கீல், நூலகர், மருந்தாளுநர், செவிலியர் எல்லாம் உண்டு. ஓட்டல் மேலாளர் உண்டு. நில அளவையாளர் உண்டு. காடு வளர்ப்பில் தேர்ந்தவருக்குத் தனி வரி. புயல், வெள்ளம் வந்தபின் இன்ஷூரன்ஸ் நஷ்டம் மதிப்பிட வருகிறவருக்கும் தனி வரி. ஆசிரியர் உண்டு, ஆனால் கல்லூரி அளவில் கற்பிக்கிறவர் மட்டும்; பள்ளி ஆசிரியருக்கு இடமில்லை. டாக்டர் உண்டு, ஆனால் கற்பிக்கவும் ஆராய்ச்சி செய்யவும் மட்டும். நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுவதற்காக வர முடியாது. கம்ப்யூட்டர் துறையில் ‘சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்’ உண்டு, ‘புரோகிராமர்’ கிடையாது.

1980-களில் எழுதிய பட்டியலின் சாயல் இன்னும் அதில் அப்படியே இருக்கிறது. இன்று உலகமெல்லாம் சாஃப்ட்வேர் டெவலப்பர் என்று சொல்கிற வேலைக்கு அந்தப் பட்டியலில் பெயரே இல்லை. எனவே அந்த வேலைக்குப் போகிற பையன், பொறியாளர் என்றோ சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்றோ தன்னை நிரூபிக்க வேண்டும். எல்லையில் இருக்கும் அதிகாரி, ‘நீ அனலிஸ்டா, புரோகிராமரா?’ என்று கேட்பார். ‘எகனாமிஸ்ட்’ என்ற வரியிலும் இதே சிக்கல் வந்தது. வங்கியில் நிதி ஆய்வு செய்கிறவர்கள் அந்தப் பெயரில் போய்க்கொண்டிருந்தார்கள். 2017 நவம்பரில் அமெரிக்கக் குடியேற்றத் துறை, நிதி ஆய்வாளரை எகனாமிஸ்ட் என்று ஏற்க முடியாது என்று தெளிவுபடுத்தியது. அதுவரை நல்லபடியாக வேலை பார்த்தவர்களுக்குத் திடீரென்று கதவு அடைந்தது. வேலை மாறவில்லை, ஆள் மாறவில்லை, ஒரு சொல்லின் பொருள் மாறிவிட்டது.

நடைமுறையைச் சொன்னால் எச்-1பி வரிசையில் நின்றவர்களுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். கனடாக் குடிமகன் விசாவுக்காகத் தூதரகம் போக வேண்டியதில்லை. வேலை கொடுக்கும் கம்பெனியின் கடிதம், பட்டச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு எல்லைச் சாவடிக்கோ டொராண்டோ விமான நிலையத்தில் உள்ள அமெரிக்கக் குடியேற்ற மேசைக்கோ போகலாம். கட்டணம் 50 டாலரும் ஒரு சிறு தொகையும். அதிகாரிக்குத் திருப்தி என்றால் அங்கேயே அனுமதி. ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. முதலில் ஓராண்டுதான் தந்தார்கள். 2008 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டு வரை. முடிந்ததும் மறுபடி வாங்கலாம். எத்தனை முறை என்று கணக்கில்லை.

ஆனால் மெக்சிகோக்காரருக்கு அதே மரியாதை கிடைக்கவில்லை. அவர் அமெரிக்கத் தூதரகத்தில் விசா வாங்கியாக வேண்டும். முதல் பத்தாண்டுகள் அவர்களுக்கு ஆண்டுக்கு 5,500 பேர் என்ற வரம்பும் இருந்தது. 2004 ஜனவரியில்தான் அது நீங்கியது. ஒரே ஒப்பந்தம், ஒரே அத்தியாயம், இரண்டு வாசல்.

மெக்சிகோ விஷயத்தில் இதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. அப்போதைய மெக்சிகோ அதிபர் சாலினாஸ், எங்கள் ஆட்களை அல்ல, எங்கள் பொருள்களைத்தான் ஏற்றுமதி செய்ய விரும்புகிறோம் என்ற கருத்தில் பேசிவந்தார். ஒப்பந்தம் வந்தால் வேலை உள்ளூரிலேயே பெருகும், யாரும் எல்லை தாண்ட வேண்டியதில்லை என்பது வாதம். நடந்தது வேறு. அமெரிக்காவின் மானியம் பெற்ற மக்காச்சோளம் மெக்சிகோச் சந்தையில் வந்து இறங்கியது. சிறு விவசாயிகள் திணறினார்கள். நாஃப்டா அமலுக்கு வந்த அதே நாளில் மெக்சிகோவின் தெற்கே சியாபாஸ் மாநிலத்தில் பழங்குடி மக்கள் ஆயுதம் ஏந்தினார்கள் என்பது சரித்திரம். நிலத்தை விட்டு வடக்கே போன விவசாயிக்கு 16-ஆவது அத்தியாயத்தில் வரி இல்லை. அவர் நில அளவையாளர் அல்ல, காடு வளர்ப்பு நிபுணரும் அல்ல. அதே 1994 அக்டோபரில் அமெரிக்கா சான் டியேகோ பக்கம் எல்லைக் காவலைப் பலமாக்கியது. நகரத்தை ஒட்டிய வழி அடைபட்டதும் மக்கள் பாலைவனத்தின் வழியாகப் போனார்கள். பலர் தண்ணீர் இல்லாமல் செத்தார்கள்.

1942 முதல் 1964 வரை ‘பிராசெரோ’ என்ற ஏற்பாட்டில் லட்சக்கணக்கான மெக்சிகோ விவசாயக் கூலிகளை அமெரிக்காவே ஒப்பந்தம் போட்டு அழைத்தது. முப்பது ஆண்டு கழித்து எழுதிய வியாபார ஒப்பந்தத்தில் பட்டதாரிக்கு இடம் கிடைத்தது, அந்தக் கூலியின் பேரனுக்குக் கிடைக்கவில்லை. எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் யாருடைய பெயர் விட்டுப் போயிருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

சரி, கதவு திறந்ததால் என்ன நடந்தது? செவிலியரை எடுத்துக்கொள்வோம். 1990-களில் ஒன்ராறியோ மாகாண அரசு மருத்துவமனைச் செலவைக் குறைத்தபோது ஏராளமான செவிலியர் வேலை இழந்தார்கள். அமெரிக்க மருத்துவமனைகள் அவர்களைக் கூவி அழைத்தன. டி.என். இருந்ததால் போவது சுலபமாயிற்று. நம் மூளைகள் வெளியேறுகின்றன என்று கனடாவில் அப்போது பெரிய விவாதம் எழுந்தது. நம் ஊரில் 1960-களிலிருந்து கேட்டுப் பழகிய அதே புலம்பல், பணக்கார நாட்டிலும்!

வின்ட்சர் நகரத்துச் செவிலியர் பலர் வீட்டை மாற்றவே இல்லை. காலையில் பாலத்தின் மேலோ, ஆற்றின் அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாகவோ டெட்ராய்ட் மருத்துவமனைக்குப் போய் வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புகிறார்கள். அந்தப் பாலம் 1929-லும் சுரங்கம் 1930-லும் திறக்கப்பட்டவை. தாம்பரத்திலிருந்து சென்ட்ரல் போவது மாதிரி தினமும் வேறு நாட்டுக்குப் போய் வருவது! 2020-ல் கொரோனா வந்து எல்லை மூடப்பட்டபோதும் இவர்களுக்கு வழி விடப்பட்டது. டெட்ராய்ட் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த நாள்களில் இவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இரு கரையிலும் பேசிக்கொண்டார்கள்.

ஆனாலும் டி.என். ஒரு மாய மந்திரம் அல்ல. எல்லை தாண்ட மட்டுமே அது அனுமதி. தொழில் செய்ய அந்தந்த மாநிலத்தின் லைசென்ஸ் தனியாக வேண்டும். வின்ட்சர் செவிலியர் மிச்சிகன் மாநில லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். கணவரோ மனைவியோ கூடப் போகலாம், படிக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது தற்காலிகம். அங்கேயே தங்கும் எண்ணம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. எச்-1பி-யில் இருப்பவர் ஆறு ஆண்டு என்ற வரம்புக்கு உட்பட்டவர். ஆனால் கிரீன் கார்டுக்கு மனுச் செய்வது அவருடைய விசாவுக்கு இடைஞ்சல் ஆகாது. டி.என். ஆளுக்கு ஆண்டு வரம்பு இல்லை, ஆனால் கிரீன் கார்டு மனு போட்டால் அடுத்த புதுப்பித்தலில் அதிகாரி சந்தேகக் கண்ணோடு பார்ப்பார். இதனால் பதினைந்து, இருபது ஆண்டு ‘தற்காலிகமாக’ இருந்து, வீடு வாங்கி, பிள்ளைகளை வளர்த்து, ஒவ்வொரு மூன்று ஆண்டும் எல்லைச் சாவடியில் நெஞ்சு படபடக்க நிற்பவர்கள் உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம்: குடிமகனுக்கு மட்டும்தான் டி.என். கனடாவில் நிரந்தரமாக வாழ அனுமதி பெற்றவர், குடியுரிமை வாங்காதவரை, இதற்குத் தகுதியில்லை. நம்மவர்கள் சம்பந்தப்படுவது இந்த இடத்தில்தான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கனடா போனார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை அங்குள்ள மீனவர்கள் காப்பாற்றிய செய்தி பலருக்கு நினைவிருக்கும். அப்படி அகதியாகப் போனவர்களின் பிள்ளைகள் படித்து, குடியுரிமை பெற்று, பொறியாளராகவும் கணக்காளராகவும் ஆனபோது, அவர்கள் பிறந்த நாட்டைப் பற்றி எல்லை அதிகாரி கேட்கவில்லை. கனடா பாஸ்போர்ட், கடிதம், பட்டம். அவ்வளவுதான். அவர்களுடைய அப்பா எந்த எல்லையிலும் கையில் ஒரு தாளும் இல்லாமல் நின்றவர்.

நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கதை வேறு பாதையில் போனது. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி-யை உருவாக்கி ஆண்டுக்கு 65,000 என்று வரம்பு வைத்தது. கம்ப்யூட்டர்களில் 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினை வந்த காலத்தில் தேவை பெருகி, வரம்பை 1,15,000-ஆகவும், பிறகு 1,95,000-ஆகவும் உயர்த்தினார்கள். 2004 நிதியாண்டில் மறுபடி 65,000 ஆகிவிட்டது. அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000 பின்னர் சேர்ந்தது. இதைத்தான் உலகமெல்லாம் பங்கு போட்டுக்கொள்கிறது.

இந்த 65,000 என்ற எண்ணும் ஒரு வியாபார ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. உலக வர்த்தக நிறுவனத்தின் சேவைகள் ஒப்பந்தத்தில், அமெரிக்கா தன் வாக்குறுதிப் பட்டியலில் இந்த எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறது. அதை வைத்துத்தான் இந்தியா 2016 மார்ச்சில் அந்த நிறுவனத்தில் புகார் கொடுத்தது. ஐம்பது பேருக்கு மேல் வேலை பார்த்து, அதில் பாதிக்கு மேல் இந்த வகை விசாக்காரராக இருக்கும் கம்பெனிகள் எச்-1பி மனு ஒன்றுக்கு 4,000 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று 2015 டிசம்பரில் அமெரிக்கா சட்டம் போட்டிருந்தது. பெயர் சொல்லாவிட்டாலும் அது யாரைக் குறி வைத்தது என்று எல்லாருக்கும் புரிந்தது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் என்று அறிவிப்பு வந்தபோது, அந்த 4,000 டாலர் சில்லறையாகத் தெரிந்தது.

டி.என். போல மற்ற நாடுகளும் கேட்டன. 2004 ஜனவரியில் சிலிக்கு 1,400, சிங்கப்பூருக்கு 5,400 என்று வர்த்தக ஒப்பந்தம் வழியாகத் தனி ஒதுக்கீடு கிடைத்தது. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள தமிழருக்கும் இது பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், அந்த இடங்களில் பெரும்பகுதி ஆண்டுதோறும் காலியாகவே கிடக்கிறது. குடியேற்றத்தை முடிவு செய்வது எங்கள் உரிமை, வியாபாரப் பேச்சாளர்கள் அதில் தலையிடக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கோபம் எழுந்தது. அதனால் ஆஸ்திரேலியாவுடன் ஒப்பந்தம் போட்டபோது விசா அத்தியாயம் வைக்கவில்லை. 2005-ல் தனிச் சட்டம் போட்டு ஆண்டுக்கு 10,500 கொடுத்தார்கள். அந்தக் கதவு நம் போன்ற நாடுகளுக்குத் திறக்கவே இல்லை.

இந்தியா வேறு இடங்களில் முயன்றது. 2005 ஆகஸ்டில் அமலான சிங்கப்பூர் ஒப்பந்தத்தில் 127 தொழில்களின் பட்டியல் உண்டு. அது பின்னாளில் சிங்கப்பூர் அரசியலில் பெரிய சர்ச்சையாகி, 2021-ல் அவர்கள் நாடாளுமன்றத்திலேயே அமைச்சர்கள் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. 2022 டிசம்பரில் அமலான ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் இந்தியச் சமையல்காரர்களுக்கும் யோகா ஆசிரியர்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,800 இடம். 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்திலும் அதே 1,800. அதில் சாஸ்திரிய சங்கீதக்காரர்களும் சேர்த்தி. வீணை வாசிக்கிறவருக்கு ஒரு வியாபார ஒப்பந்தத்தில் இடம் கிடைக்கும் என்று நம் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

சிலர் சுற்றுவழியாகப் போகிறார்கள். 2023 ஜூலையில் கனடா, அமெரிக்காவில் எச்-1பி-யில் இருப்பவர்களுக்கு 10,000 வேலை அனுமதிக்கு விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கியது. இரண்டு நாள் முடிவதற்குள் அத்தனையும் தீர்ந்துவிட்டது. அப்படிப் போனவர்களில் யாராவது பிறகு நிரந்தர அனுமதியும் குடியுரிமையும் வாங்கினால், எந்த அமெரிக்காவை விட்டு வந்தாரோ அதே அமெரிக்காவுக்கு டி.என். எடுத்துக்கொண்டு திரும்பலாம். அவர் எந்தப் புதுப் படிப்பும் படித்திருக்க மாட்டார். பாஸ்போர்ட்டின் அட்டை மட்டும் மாறியிருக்கும்.

நாஃப்டா இன்று இல்லை. 2018 நவம்பர் 30-ல் கையெழுத்தாகி, 2020 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய ஒப்பந்தத்தில் மற்ற எதை மாற்றினாலும் அந்தத் தொழில் பட்டியலை அப்படியே விட்டுவிட்டார்கள். திறந்தால் எந்தப் பக்கம் இழுக்குமோ என்ற பயம் மூன்று நாட்டுக்கும். நாஃப்டா போனபின்னும் டி.என். என்ற பெயர் மட்டும் நிற்கிறது, மதராஸ் போனபின்னும் நாம் மதராஸ் ஐகோர்ட் என்று சொல்வது மாதிரி. இந்த ஒப்பந்தத்தின் ஆயுள் 16 ஆண்டு. ஆறாம் ஆண்டில், அதாவது 2026 ஜூலையில், மூன்று நாடுகளும் கூடி மறுஆய்வு செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஆறு மாத நோட்டீஸ் கொடுத்து ஒரு நாடு விலகவும் வழி இருக்கிறது.

சட்டத்தால் வந்த உரிமையைச் சட்டமன்றம் மாற்றலாம். ஒப்பந்தத்தால் வந்த சலுகை, எஃகுக்கும் பாலுக்கும் மோட்டார் வண்டிக்கும் நடக்கும் பேரத்தில் ஒரு பண்டமாகிவிடும். வின்ட்சரில் இரவு வேலைக்குக் கிளம்பும் செவிலியருடைய பிழைப்பு, அவர் பார்த்தே இராத ஒரு மேசையில் பால்பொருள் வரியோடு சேர்த்துப் பேசப்படுகிறது. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் நிலைத்து நின்ற ஏற்பாடு என்பதால் அவசரப்பட்டுக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் ‘தற்காலிகம்’ என்று எழுதிய தாளை நம்பி நிரந்தர வாழ்க்கையைக் கட்டுகிறவர்கள், அந்தத் தாளில் உள்ள மற்ற வரிகளையும் ஒரு முறை படித்துப் பார்த்துவிடுவது நல்லது. அயல்நாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் ‘விசா என்ன ஆயிற்று?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், அது எந்த வகை, எதன் கீழ் வந்தது, எப்போது முடிகிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.